குளத்துத் தண்ணிக்குக் கூட்டம் இருக்கிறது, வீட்டுத் தண்ணிக்கு?

சித்திரை விடுமுறைக்குப் பாடசாலை மூடியதும் நாம் குடும்பத்தோடு முருங்கனுக்குப் போய் வந்தோம். எமது தாய்மாமன் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. 1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி, அகதியாக வடக்கே போய், மன்னார்ப் பெருநிலத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அப்படிப் போன நம் ஆட்கள் முருங்கனையும் மடுவையும் சுற்றி இன்றும் வாழ்கிறார்கள். தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத ஊரைப் பற்றிச் சங்க இதழில் என்ன எழுத்து என்று கேட்பவர்கள், 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 இல் மாத்தளைக்கு நடந்து சேர்ந்த தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். நம் பாட்டன் பூட்டன் நடந்த பாதை அந்தப் பக்கத்தால்தான் வருகிறது.

நாம் போய் இறங்கிய அன்று மாமா வீட்டில் இல்லை. கட்டுக்கரைக்குளத்தின் சிறுபோகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முருங்கன், நானாட்டான் பக்கத்து வயல்கள் அந்தக் குளத்தை நம்பித்தான் இருக்கின்றன. அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டு வருகிறார்கள். காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்தில் குளத்தில் நிற்கிற தண்ணீர்தான் கணக்கு. அதனால் விதைப்புக்கு முன் அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்ல வேண்டும். எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதியில் மூடுவது, மாடுகளை வயல்வெளியிலிருந்து எப்போது அகற்றுவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். கடைசி வாய்க்கால்காரர் எழும்பி நின்று, போன போகம் தன் வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று பொறியியலாளரின் முகத்துக்கு நேரே சொல்லலாம். அது கூட்டக் குறிப்பில் ஏறும்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. மாமாவைப் போலக் குத்தகைக்குச் செய்கிறவர்கள் பின்னால்தான் நிற்கிறார்கள். கூலிக்குப் போகிறவர்களுக்கு அங்கே இடமே இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் யாரென்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும், பயிர் செய்கிறவனைக் கேட்காமல் குளத்தைத் திறப்பதில்லை என்ற அளவுக்காவது அங்கே ஒரு முறை இருக்கிறது.

தேநீர் ஊற்றிக்கொண்டே அத்தை சொன்னார்: “கொளத்துத் தண்ணிக்கு வருஷத்துக்கு ரெண்டு கூட்டம் வைக்கிறாங்க மருமவனே. எங்க வூட்டுத் தண்ணிக்கு எவன் கூட்டம் வச்சான்?”

அவர் சொன்ன வீட்டுத் தண்ணி எமது மச்சானின் குடி. மச்சானுக்கு வயது நாற்பது. அரிவாளோடு போய் ஒரு மாதம் வெள்ளாமை வெட்டினால் மூன்று மாதம் சாப்பிடலாம் என்றிருந்த வேலை, வெட்டு மெஷின் வந்ததும் போய்விட்டது. பிறகு கிடைத்ததெல்லாம் மண் ஏற்றுவது, விறகு ஏற்றுவது. மாலையில் தவறணைக் கள், பிறகு கசிப்பு, இடையில் யாரோ கொடுத்த குளிசை. இரண்டு வருடங்களுக்கு முன் வீட்டார் அழுது கெஞ்சி, வேறு மாவட்டத்திலுள்ள ஒரு நிலையத்துக்கு அனுப்பினார்கள். நான்கு மாதம் இருந்து, உடம்பு தேறி, முகம் தெளிந்து வந்தார். கையில் ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள்: மாதம் ஒரு முறை இன்ன கிளினிக், இன்ன கிழமை. முதல் மாதம் போனார். இரண்டாம் மாதம் பஸ் வரவில்லை. மூன்றாம் மாதம் போனபோது பழைய டொக்டர் மாற்றலாகியிருந்தார். புதியவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நின்றவர் ஊர்க்காரர். ஊர்க்காரர் வாய் வழியாகத் தன் கதையைச் சொல்ல மச்சானுக்கு மனம் வரவில்லை. அத்தோடு நின்றது. ஆறாம் மாதம் மறுபடியும் தவறணை. “அவன் திருந்த மாட்டான்” என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

எந்த நிலையம், எந்தக் கிளினிக் என்று இங்கே எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. நான்கு மாதம் பாடுபட்டு அவர்கள் எழுப்பிவிட்ட மனிதன், ஒரு பஸ்ஸாலும் ஒரு மொழிபெயர்ப்பாளராலும் விழுந்தான். இந்த இரண்டையும் கவனிக்க வேண்டியது யார்? அத்தைக்கு அது மூன்றாம் மாதமே தெரியும். அத்தையை யாரும் கேட்கவில்லை.

நாம் சொல்ல வந்தது இதைத்தான். உளநல சேவைக்கும் போதையிலிருந்து மீட்கும் சேவைக்கும் ஒவ்வொரு பிரதேசத்திலும் மக்கள் ஆலோசனைக் குழு ஒன்று வேண்டும். அதில் பாதிப் பேர் அந்தச் சேவையைப் பெற்றவர்களாகவும் அவர்களுடைய வீட்டாராகவும் இருக்க வேண்டும். பாதிக்குக் குறைந்தால் வேண்டாம்.

இந்த நாட்டில் குழுவுக்கு என்ன பஞ்சம் என்று தோழர்கள் சிரிப்பது கேட்கிறது. சிரிப்பில் நியாயம் இருக்கிறது. மலையில் ஒரு அரச அலுவலகத்தில் நடந்த போதைத் தடுப்புக் கூட்டத்துக்கு ஆசிரியர் என்ற முறையில் நம்மையும் அழைத்தார்கள். பதாகை, மங்கள விளக்கு, வரவேற்புரை, இடையில் தேநீரும் கேக்கும், மொத்தம் இரண்டு மணி நேரம். இருபத்தைந்து பேர் இருந்திருப்போம். அத்தனை பேரும் மாதச் சம்பளக்காரர். குடித்து மீண்டவர் ஒருவர் இல்லை, குடிக்கிறவரோடு வாழ்கிற பெண் ஒருத்தி இல்லை. கூட்டம் வைத்தது கிழமை நாளில் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் கொழுந்து மலையில் நிற்கிறவள் எப்படி வருவாள்? வந்தால் அன்றைய பேர் போகும். கூட்டத்தின் முடிவு, பாடசாலைகளில் சுவரொட்டிப் போட்டியும் உறுதிமொழியும். எமது பாடசாலைப் பையன் ஒருவன் போத்தலை மிதிக்கிற பெரிய கால் ஒன்றை வரைந்து பரிசு வாங்கினான். பரிசு வாங்கிய அன்று இரவு அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எமக்கு மறுநாள்தான் தெரிய வந்தது.

ஆகவே, குழு என்ற பெயர் மட்டும் போதாது. யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரேசில் நாட்டில் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஊர் மட்டத்திலிருந்து நாட்டு மட்டம் வரை சுகாதார சபைகளில் பாதி ஆசனங்களைச் சேவையைப் பயன்படுத்தும் மக்களுக்கே ஒதுக்கியது. அரசு, வைத்தியர், ஊழியர் எல்லோரும் மற்றப் பாதிக்குள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மன்னார்க் கடலுக்கு அக்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி இருக்கிறது. அங்கேயுள்ள தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கூட்டி வரும் குடும்பங்கள் ஏராளம். வந்தவர்களை வைத்துப் பணம் பண்ணத் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படி ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அப்போது இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 1987 ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இருந்தது. உரிமம் எடுக்க வேண்டும், பார்வையாளர்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியும் இருந்தது. ஆனால் சங்கிலியில் கிடந்தவனுக்கோ அவனைக் கொண்டு வந்து விட்ட தாய்க்கோ கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கவில்லை. போகிறவன் பைத்தியம், அவன் பேச்சை யார் எடுப்பார் என்ற எண்ணம்தான் சட்டத்துக்குள்ளும் இருந்தது.

2017 இல் இந்தியா புதிய மனநலப் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதன்படி ஒவ்வொரு மாநில மனநல அதிகார சபையிலும் மனநோயை அனுபவித்தவர்கள் இருவரும், பராமரிக்கும் வீட்டார் இருவரும் இருக்க வேண்டும். மாவட்டங்களுக்கான மீளாய்வுச் சபை ஒவ்வொன்றிலும் ஆறு பேர். அதில் இருவர் நோயை அறிந்தவர்களோ, வீட்டாரோ, அவர்களுக்காக நிற்கும் அமைப்பினரோ ஆக இருக்க வேண்டும். பல மாநிலங்கள் சபைகளை அமைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன, அது வேறு கதை. ஆனால் இழுத்தடிக்கிறாய் என்று வழக்குப் போடுவதற்காவது சட்டத்தில் ஓர் ஆசனம் இருக்கிறது.

குடி விஷயத்துக்கு இன்னொரு ஊரைச் சொல்கிறோம். பெயரிலேயே குடி இருக்கிற ஊர்: திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடி. குடிக்குத் தன் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி 1980 இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். குடிக்கிறவர்களைச் சென்னைக்கு வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்காமல், அந்த மருத்துவமனை 1989 இல் மஞ்சக்குடியில் முகாம் போடத் தொடங்கியது. முகாமுக்கு இடமும் சாப்பாடும் ஊர்ப் பொறுப்பு. யாரைச் சேர்ப்பது என்று கண்டு சொல்வதும் ஊர்க்காரர்களே. வைத்தியமும் ஆலோசனையும் மருத்துவமனைப் பொறுப்பு. முகாம் முடிந்து போனவர்களை அதன் பின்னும் அங்கேயே தொடர்ந்து பார்த்தார்கள். அதாவது மச்சானுக்கு எது இல்லாமல் போனதோ, அதுதான் அங்கே முதல் ஏற்பாடு.

நமது நாட்டில் நிலைமை என்ன? மனநோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1873 இல் வந்தது. வெள்ளைக்காரன் அதை எழுதிய நாட்களில் நம் முன்னோர் கோப்பிக் காட்டுக்காக மன்னாரில் இறங்கி அந்த வழியே நடந்துகொண்டிருந்தார்கள். 1956 இல் ஒரு திருத்தம் வந்தது. புதிய சட்டம் வருகிறது, வருகிறது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 2005 இல் ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை நல்லது செய்தது என்பதை மறுக்க மாட்டோம். அங்கொடையில் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டு போகச் சொன்னது. தேசிய மட்டத்தில் ஓர் ஆலோசனைச் சபையையும் வைத்தது. கொழும்பில் ஆலோசனைச் சபை இருந்தால் முருங்கன் பஸ் வராதது அதற்கு எப்படித் தெரியும்? நோர்வூட்டில் தோட்ட டிஸ்பென்சரிக்கு முன்னால் நிற்கிற பெண், தன் புருஷனுக்கு வைத்தியம் கேட்பதா தனக்கே கேட்பதா என்று தெரியாமல் நிற்பது எப்படித் தெரியும்?

தனக்கே என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. குடி என்றால் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் பேச்சை நிறுத்திய பெண், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காரணமில்லாமல் அழுகிற அம்மா, படலையை அடைத்துக்கொண்டு வெளியே வராத இளைஞன் – இவர்களை நாம் கோடாங்கியிடம் கூட்டிப் போகிறோம், கோயிலில் நூல் கட்டுகிறோம். கட்டட்டும், அதில் நமக்கு ஆட்சேபனை இல்லை. மனதுக்கு ஒரு தெம்பு. கிளினிக்குக்கும் போக வேண்டும் என்று கோடாங்கியே சொல்லுகிற நிலை வந்தால் இன்னும் நல்லது. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் உளமருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், வன்னிப் போருக்குப் பின் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வழியைத்தான் காட்டினார். காயம் தனி மனிதனோடு நிற்கவில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்றார். மருந்து மட்டும் அதை ஆற்றாது. ஊரையும் அதன் சடங்குகளையும் ஊர் ஆட்களையும் சேர்த்துக்கொண்டுதான் ஆற்ற முடியும் என்பது அவர் கருத்து. 1977 ஐயும் அதன் பின் வந்த போரையும் ஒரே உடம்பில் சுமக்கிற முருங்கன் மாமாக்களுக்கு இது பொருந்தாமல் வேறு யாருக்குப் பொருந்தும்?

குழு என்றதும் இரண்டு பயம் வரும். முதலாவது மானம். “ஊர் முன்னால என் வூட்டுக் கதைய எடுப்பாங்களா?” என்று அத்தையே கேட்டார். எடுக்கக் கூடாது. குளத்துக் கூட்டத்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்று பேசுவதில்லை. துருசு, வாய்க்கால், திகதி, இவற்றைத்தான் பேசுகிறார்கள். இந்தக் குழுவிலும் ஆளின் பெயர் வரக் கூடாது. கிளினிக் எந்தக் கிழமை, மருந்து இருந்ததா, மொழிபெயர்க்க வெளியூர்க்காரர் கிடைப்பாரா, நிலையத்திலிருந்து திரும்பி வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதமும் கிளினிக்குக்கு வந்தார்கள், தவறணை நேரத்துக்குத்தான் மூடுகிறதா – இவைதான் பேச்சு.

இரண்டாவது பயம் இதைவிடப் பெரியது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கிச் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேரைப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் பெரிய வியாபாரிகள் எத்தனை பேர், நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தோழர்களே எண்ணிப் பாருங்கள். பொலனறுவைப் பக்கம் கந்தகாடு முகாமில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலியைத் தாண்டி ஓடினார்கள். மீளும் இடத்திலிருந்து மனிதர்கள் அப்படி ஓட மாட்டார்கள். மக்கள் குழு என்ற பெயரில் பொலிஸுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுக்கிற வேலையைத் தலையில் கட்டினால், அந்தக் குழு வேண்டவே வேண்டாம். பட்டியல் கொடுக்கிற குழு இருக்கிற ஊரில் ஒரு தாயும் தன் பிள்ளைக்கு வைத்தியம் கேட்டு வெளியே வரமாட்டாள். குழுவின் முதல் விதியாக இதை எழுத வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும்.

நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கூட்டுவோம். தேர்தல் காலத்தில் லயத்துக்குப் போத்தல் வந்ததில்லையா? கொண்டு வந்தவர்களில் சங்கக் கொடி பிடித்தவர் ஒருவரும் இல்லை என்று கோயிலில் சூடம் அணைக்க நம்மால் முடியுமா? சந்தா சேர்க்கிற அன்று தலைவருக்கு ‘செலவு’ என்று ஒன்று போகிறதே, அது எங்கே போகிறது? இதை எழுதுவதால் சில முகங்கள் சுருங்கும். சுருங்கட்டும். குடித்துவிட்டு வேலைக்கு வராதவனுக்குத் துரை பேர் வெட்டும்போது சங்கம் போய்ப் பேசுகிறது, நல்லது. அந்த ஆள் வைத்தியத்துக்குப் போக நான்கு மாதம் கேட்டால், திரும்பி வந்ததும் அதே வேலை உண்டு என்று துரையிடம் எழுதி வாங்க இதுவரை எத்தனை கிளைகள் போயிருக்கின்றன? எமது கிளை போகவில்லை. அதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

இனி வேலை. எமது கிளை இரண்டு கடிதங்களை எழுதியிருக்கிறது. ஒன்று நமது பிரதேச செயலகத்துக்கு. மற்றது முருங்கன் உறவுகளின் கையெழுத்தோடு நானாட்டான் பிரதேச செயலகத்துக்கும் மன்னார் பிராந்திய சுகாதாரப் பணிமனைக்கும் போகிறது. கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. குழு அமைக்கும்போது பாதி ஆசனம். கூட்டம் போயா நாளிலோ ஞாயிறு பின்னேரத்திலோ. வருகிறவர்களுக்கு பஸ் காசு. போன கூட்டத்தில் கேட்டதற்கு என்ன நடந்தது என்று அடுத்த கூட்டத்தில் அதிகாரி எழுந்து சொல்ல வேண்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வது போல. அதுவரை யாராவது இரவில் தனியே தவித்தால் 1926 என்ற உளநல உதவி இலக்கமும், போதை பற்றிக் கேட்க 1927 உம் இருக்கின்றன. தோட்டத்து அறிவித்தல் பலகையில் எழுதிப் போடுங்கள். யாரும் பார்க்காத நேரத்தில் யாராவது குறித்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு கிளையும் அடுத்த மாவட்டக் கமிட்டிக்கு முன் இரண்டு பெயர்களைத் தர வேண்டும். ஒருவர் மீண்டவர், அல்லது மீள முயன்றுகொண்டிருப்பவர். மற்றவர் அப்படிப்பட்டவரின் வீட்டுப் பெண். தலைவரின் தம்பி, தலைவியின் மகன் என்று நிரப்ப வேண்டாம். பெயரை எழுதுவதற்கு முன் அந்த ஆளிடம் தனியாகக் கேட்டு, சம்மதம் வாங்குங்கள்.

முருங்கனிலிருந்து முதல் பெயர் வந்துவிட்டது. “கூட்டத்துக்கு வந்தா கதிர போடுவாங்களா, இல்ல ஒங்க மாமாவப் போல பின்னுக்கு நிக்கணுமா?” என்று அத்தை கேட்டார். போடுவார்கள், போடாவிட்டால் நாமே தூக்கி வருவோம் என்றோம். வெள்ளாமை வேலை இல்லாத நாளாகப் பார்த்து வைத்தால் வருகிறாராம். தனக்குப் பக்கத்தில் மச்சானுக்கும் ஒன்று போடச் சொன்னார்.